தர்யோனோ யாரையும் இடிக்கவில்லை

வொனோசோபோவிலிருந்து டியெங் மேட்டுக்கு ஏறுகிற சிறிய பஸ்களில், தர்யோனோவின் பஸ் வரட்டும் என்று நின்று ஏறுகிறவர்கள் உண்டு. மற்ற டிரைவர்கள் வளைவுக்கு வளைவு ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பறப்பார்கள். இவர் மட்டும் பெண் வீட்டுக்குச் சீர்த்தட்டு ஏந்திப் போகிறவர்போல ஓட்டுவார். "கங் தர் வண்டியா? அப்ப நிம்மதியாத் தூங்கிட்டே போகலாம்" என்று உருளைக்கிழங்கு மூட்டையைத் தள்ளிவிட்டு ஏறுவார்கள் பெண்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவரைக் 'கங்' என்று அண்ணனாக்கி வைத்திருந்தார்கள்; எங்கள் பக்கம் மனைவி புருஷனைக் கூப்பிடுவதும் அதே சொல்லில்தான். நாற்பதைத் தாண்டிய மனிதர், குட்டையான உருவம், குளிருக்குத் தோளில் எப்போதும் ஒரு சாரம். அந்தப் பாதையில் இத்தனை வருஷம் ஓட்டியதில் ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை.

கண்டக்டர் துகிமான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். வாசல்படியில் ஒற்றைக் காலில் தொங்கியபடி ஆட்களை ஏற்றுவார், இறக்குவார், பாடுவார், வம்பு பேசுவார். டிரைவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் தர்யோனோ பேசவேண்டிய அவசியமே வந்ததில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். பிற்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. கெஜஜார் தாண்டி ஒரு வளைவில் பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. தட்டென்று ஒரு சத்தம். தர்யோனோ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். ஏதோ லாரியிலிருந்து விழுந்த முட்டைக்கோஸ், நசுங்கி ரோட்டோடு ரோட்டாகக் கிடந்தது.

"கங், சக்கரத்துல கூட்டு வச்சிருக்கீங்க" என்றார் துகிமான். பஸ்ஸே சிரித்தது. தர்யோனோவும் சிரித்தார்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று முகம் துடைக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. முட்டைக்கோஸைப் பார்த்தோம், சரி. முட்டைக்கோஸ் மட்டும்தானா? பனி அவ்வளவு அடர்த்தியாக இருந்ததே. பக்கத்துச் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தோமா?

சட்டென்று துடைத்துப்போட வேண்டிய நினைப்புதான். அவர் துடைத்தார், அது போகவில்லை. துடைக்கத் துடைக்க உருவம் பெற்றது. சாரம் போர்த்திய ஒரு கிழவர், முதுகில் புல்லுக்கட்டு, கவிழ்ந்து கிடக்கிறார். அந்த வாரம் முழுக்க அந்த வளைவு வந்தாலே உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

பிறகு அந்த வளைவு மட்டும் என்றில்லாமல் போனது. எங்கள் பக்கம் வேகத்தடைக்குத் 'தூங்கும் போலீஸ்' என்று பெயர். ஊர் ஊருக்கு, மசூதி வாசலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பணக்காரர் வீட்டுக்கு என்று மலைப்பாதை முழுக்கத் தூங்கும் போலீஸ்தான். ஒவ்வொன்றிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது அவருக்கு ஓர் ஆள்மேல் ஏறி இறங்கினது மாதிரி இருக்கும்.

"மான், இப்ப ஏதாச்சும் பட்டுச்சா?"

"இல்ல கங்."

"நல்லாப் பாத்தியா?"

"வாசல்லதானே தொங்கறேன். எல்லாம் பாத்தேன். ஒண்ணுமில்ல."

இந்த 'ஒண்ணுமில்ல' இருக்கிறதே, அது முதலில் ஒரு நாள் தாங்கியது. பிறகு ஒரு நடைக்குத் தாங்கியது. பிறகு அடுத்த மேடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. டீசல் ஒழுகுகிறது, டயர் சத்தம் போடுகிறது என்று சாக்குச் சொல்லி, ஆட்களை வைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினார். கிழங்கு மூட்டைப் பெண்கள் வேறு பஸ்ஸுக்கு மாறினார்கள். "கங் தர் வண்டி மேல போகுதா கீழ போகுதான்னே தெரிய மாட்டேங்குது" என்றார்கள்.

வேலை முடிந்த பிறகாவது விட்டதா என்றால் இல்லை. மாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே பாதையில் திரும்பப் போவார். டார்ச் அடித்துச் சாக்கடை ஓரமாகவே நடப்பார். ஒன்றும் இருக்காது. நெஞ்சு லேசாகி வீடு வருவார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிள் யாரையாவது தட்டியிருக்குமோ என்று தொடங்கிவிடும்.

ஒருநாள் ஊர் மசூதி மோதினாரிடம் போய், இறந்தவர் ஒருவருக்காகப் பாத்திஹா ஓத வேண்டும் என்றார்.

"செய்யலாமே. யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தர்னா? பேரு சொன்னாத்தானே பாக் ஓத முடியும்?" என்று, ஐயா என்பதற்குப் 'பாக்' போட்டு மரியாதையாகவே கேட்டார் மோதினார்.

தர்யோனோவுக்குப் பெயர் எங்கே தெரியும்? கடைசியில் "அல்லாவோட அடியார் ஒருத்தர்னு ஓதுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஆட்களை வரவழைத்து ஓதவைத்துச் சோறும் கோழியும் போட்டார். ஓத வந்தவர்கள் சாப்பிட்டு, பொட்டலமும் கட்டிக்கொண்டு, யார் செத்துப்போனார் என்று ஒருவரையொருவர் கேட்டபடியே போனார்கள்.

அந்தச் சோற்றை வடித்தது அவர் மனைவி ரூமினி. மனைவியிடம் தர்யோனோ சொன்னது, செத்தவர் தூரத்துச் சொந்தம் என்று. ரூமினி நம்பவில்லை. தினமும் மாலையில் புருஷன் வாசனை சோப்புப் போட்டுக் குளிக்காவிட்டாலும், முகம் வெளிறிப்போய் எங்கோ புறப்படுகிறார், இருட்டியபின் வருகிறார், கேட்டால் டயர் என்கிறார். இப்போது யாருக்கோ பாத்திஹா. ஒரு பெண்பிள்ளைக்கு இதற்குமேல் என்ன தோன்றும்? கெஜஜாரில் ஒருத்தி இருக்கிறாள், அவள் அப்பன் செத்துப்போயிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம் என்று முடிவுகட்டினார்.

அடுத்த நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கை மகளின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு புருஷனைத் தொடர்ந்தார். வழியெல்லாம் அந்தக் கெஜஜார்க்காரியை என்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தார். வளைவு திரும்பியதும் பார்த்தால், வண்டி ஓரமாக நிற்கிறது. புருஷன் முட்டிவரை சேற்றில், சாக்கடைக்குள் குனிந்து, குச்சியால் புல்லை விலக்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல். ஒரு பெண்ணும் இல்லை.

ரூமினிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது ஒரு கணம்தான்.

"என்ன தேடறீங்க?"

தர்யோனோ நிமிர்ந்தார். பிடிபட்ட திருடன் முகம்கூட அப்படி இருக்காது.

"பொணத்தை" என்றார்.

அன்றைக்கு அந்தச் சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீ ஒரு தடவை எட்டிப் பாரு ரூம். உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றார். ரூமினி அழுதுகொண்டே எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல கங்" என்றார். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு வீடு போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

அதன்பின் ரூமினி சும்மா இருக்கவில்லை. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தர்யோனோ, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றதோடு நிறுத்திக்கொண்டார். பிணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை, மனைவியையும் பேச விடவில்லை. வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். சொன்னதற்குத்தானே மருந்து கிடைக்கும்? பிறகு மார்க்கம் கற்ற ஒரு கியாயியிடம் போனார்கள். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வஸ்வாஸ். மனசுல ஊதற ஊசலாட்டம். காதுல போட்டுக்காத" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று தெரிந்திருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்?

கடைசியில் ஒருநாள் காலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மாற்றுத்துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு, தர்யோனோ போலீஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் சுப்ரீ என்ற வயதான போலீஸ்காரர்.

"நான் ஒருத்தரை இடிச்சுட்டேன், பாக். பிடிச்சு உள்ள போடுங்க."

சுப்ரீ பேனாவை எடுத்தார். "யாரை இடிச்சீங்க?"

"தெரியல."

"எந்த இடம்?"

"காருங்குக்கும் டியெங்குக்கும் நடுவுல எங்கயாவது இருக்கும்."

"எப்போ?"

"நேத்து. இல்லேன்னா முந்தாநாள். ரெண்டு நாளும்கூட இருக்கலாம்."

சுப்ரீ பேனாவை மூடினார். அந்தப் பாதையில் அந்த வாரத்தில் ஒரு விபத்தும் இல்லை, யாரும் காணாமல் போகவில்லை என்று எடுத்துச் சொல்லி அனுப்பினார். தர்யோனோ நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். அதன்பின் மறுபடியும் வந்தார், அதே பையோடு.

மூன்றாம் முறை சுப்ரீ அவரை எதிரே உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"பாக் தர், நெஜத் திருடனைத் தேடி நான் மலை மலையா அலையறேன். ஒருத்தனும் கெடைக்க மாட்டேங்கறான். நீங்க என்னடான்னா, கேஸே இல்லாம வந்து கேஸ் போடு, கேஸ் போடுன்னு நிக்கறீங்க. உங்கள மாதிரி ரெண்டு பேரு இருந்தா எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கும்."

தர்யோனோ சிரிக்கவில்லை. டீயையும் தொடவில்லை.

சுப்ரீ குரலைத் தாழ்த்தினார். "எங்க அண்ணி ஒருத்தங்க. அடுப்ப அணைச்சமா, அணைச்சமான்னு சந்தையிலேருந்து ஓடி ஓடி வருவாங்க. கல்யாண வீட்டுலேருந்து ஓடி வருவாங்க. பேயி, செய்வினைன்னு எங்கெங்கயோ சுத்தினோம். கடைசில மாவட்ட ஆஸ்பத்திரியில ஜிவா பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். இப்ப பேரன் கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் உக்காந்து சாப்பிட்டாங்க. நீங்களும் போங்க."

ஜிவா என்றால் உயிர், உள்ளம். நல்ல சொல்தான். ஆனால் அதற்கு முன்னால் நோய் என்ற சொல் ஒட்டிக்கொண்டால் எங்கள் ஊரில் பைத்தியம் என்று அர்த்தம். தர்யோனோ எழுந்துவிட்டார். "அங்க போனேன்னு தெரிஞ்சா என் பஸ்ஸுல யாரு ஏறுவா?"

"இப்ப மட்டும் யாரு ஏறுறா?" என்றார் சுப்ரீ.

அந்த ஒரு கேள்விதான் அவரைக் கூட்டிப்போனது. சுகாதார நிலையத்தில் இந்த முறை ரூமினி புருஷனைப் பேசவிடாமல் முழுவதையும் கொட்டி, மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கினார்.

ஜிவா பிரிவின் வராண்டாவில் தர்யோனோ சாரத்தை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். எதிர் பெஞ்சில் இன்னொருவரும் அதேபோலப் போர்த்திக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்த்தால், அது காருங்கில் டயர் கடை வைத்திருப்பவர். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் லக்சிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல். அவசரமே இல்லை. தர்யோனோ சொல்லச் சொல்ல இடையில் சிரிக்கவும் இல்லை, ஐயோ என்று முகம் சுளிக்கவும் இல்லை. சாப்பாடு, தூக்கம், செத்துப்போகலாம் என்று தோன்றியதா, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு திடீரென்று,

"சின்ன வயசுல தொழுகைக்கு ஒளு செய்ய உங்களுக்கு ரொம்ப நேரமாகுமா பாக்?" என்றார்.

தர்யோனோ விறைத்துப்போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க. எனக்கே இது தெரியாது!" என்றார் ரூமினி.

யாருக்குமே தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், தொழுகைக்கு முன்னால் கால் கழுவுவார். சரியாக நனையவில்லையோ என்று திரும்பக் கழுவுவார். உள்ளே தொழுகையே முடிந்துவிடும், அவர் குழாயடியில் நிற்பார். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போகும். வளர வளர அது தானாகவே போய்விட்டது. வெட்கத்தில் அதை மண்ணைப் போட்டு மூடிவைத்திருந்தார். இந்தப் பெண் வந்து நேராக அந்த இடத்தில் தோண்டுகிறாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா டாக்டர்?"

"யாரும் சொல்லல. இந்த நோய் அப்படித்தான் வரும். சின்ன வயசுல ஒரு முகம் காட்டும், ஒளிஞ்சுக்கும், பின்னால வேற முகத்தோட வரும். வேண்டாத ஒரு எண்ணம் விடாம வந்து பயமுறுத்தும். அந்தப் பயம் போகணும்னு நீங்க ஒண்ணு செய்வீங்க. கழுவுவீங்க, திரும்பிப் போய்ப் பாப்பீங்க, பக்கத்துல இருக்கறவங்களக் கேப்பீங்க. கொஞ்சம் அடங்கும். மறுபடி வரும். எண்ணச் சுழற்சி நோய்னு பேரு."

"அப்ப, பேரு இருக்கா?"

"இருக்கு. மருந்தும் இருக்கு."

தர்யோனோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்குக் கிறுக்கு இல்லையா?"

"யாரையும் இடிக்கலேன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது. தெரிஞ்சும் விட மாட்டேங்குது."

"அதுதான் பாக் இந்த நோய். போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுல இருந்த கத்தியெல்லாம் கெணத்துல போட்டுட்டாங்க, பெத்த புள்ளையக் குத்திடுவோமோன்னு பயந்து. அந்தப் புள்ளைய அவங்க ஒரு அடி அடிச்சதில்ல. எதை உயிரா நெனைக்கறோமோ அதுலதான் இது கை வைக்கும். நீங்க ஜாக்கிரதையா ஓட்டறவர். அதனாலதான் இது ரோட்டுல வந்து நிக்குது."

அப்போது அழுதார் தர்யோனோ. முகத்தை மூடிக்கொள்ளாமல், மூக்கு ஒழுக, மனைவி முன்னால் அழுதார். அந்த வளைவில் முட்டைக்கோஸைப் பார்த்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் புல்லுக்கட்டை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது என்று பிற்பாடு துகிமானிடம் சொன்னார். நோய் போகவில்லை. ஒரு மாத்திரைகூட இன்னும் விழுங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே பாதி பாரம் குறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹாரன் மாட்டிக்கிச்சு. அவ்வளவுதானே டாக்டர்?" என்றார். "முன்னாடி ஆளே கெடையாது, அது பாட்டுக்கு அலறுது."

டாக்டருக்கு அது பிடித்துப்போனது. "அவ்வளவுதான். மருந்து அந்தச் சத்தத்தக் குறைக்கும். மெதுவாத்தான் குறைக்கும், வாரக்கணக்காகும். மொதல்ல கொஞ்சம் வயித்தப் பொரட்டும், படபடப்புக் கூடற மாதிரியும் இருக்கும். பயந்து நிறுத்திடாதீங்க. என்னக் கேக்காம கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். உங்க பக்கத்துலயும் ஒரு வேலை இருக்கு. அது அலறும்போது வண்டிய நிறுத்தி எறங்கக் கூடாது. திரும்பிப் போகக் கூடாது. மொதல்ல சின்னச் சின்னதா ஆரம்பிப்போம்."

பிறகு ரூமினியிடம் திரும்பினார். "இவரு 'ஏதாச்சும் பட்டுச்சா'ன்னு கேட்டா, இல்லேன்னு சொல்லாதீங்க."

"இல்லாதத இல்லேன்னு சொல்றதுல என்ன டாக்டர் தப்பு?"

"தப்பில்ல. ஆனா அந்த 'இல்ல'தான் நோய்க்குத் தீனி. அதுக்குப் பதில் சொல்றதில்லேன்னு அன்பாச் சொல்லிடுங்க. கண்டக்டருக்கும் சொல்லுங்க."

மருந்தின் பெயர் ஃப்ளூவாக்ஸெட்டின். காலையில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குளிகை. மருந்து உடம்பில் எப்படிப் படிகிறது என்று பார்க்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடவேண்டாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தர்யோனோவும் துகிமானும் இடம் மாறிக்கொண்டார்கள். துகிமானிடம் லைசன்ஸ் இருந்தது, பொறுமை இல்லை. தூங்கும் போலீஸ் ஒவ்வொன்றையும் எழுப்பிவிட்டே தீருவது என்பதுபோல் ஓட்டினார். வாசல்படியில் தொங்கிய தர்யோனோவுக்கு ஒவ்வொரு குலுக்கலிலும் உயிர் போனது.

"மான், ஏதாச்சும் பட்டுச்சா?"

துகிமானுக்குச் சொல்லிக் கொடுத்தது மனப்பாடம். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அதுக்கு நான் பதில் சொல்றதில்ல!" என்று கத்தினார்.

முன்சீட்டுக் கிழவி திடுக்கிட்டாள். "ஏன்டா சொல்ல மாட்டேங்கற? யாரடா இடிச்ச? நிறுத்துடா, நான் எறங்கறேன்!"

"ஒண்ணுமில்ல ஆச்சி…"

"ஒண்ணுமில்லேன்னு சொல்லக் கூடாதுடா!" என்று அலறினார் தர்யோனோ.

"இதென்னடா கூத்து!" என்று மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். பஸ்ஸை ஓரம் கட்டவேண்டியதாயிற்று. இனி மூடிவைத்துப் பயனில்லை என்று தர்யோனோவே நடுவில் நின்று, எனக்கு இன்ன நோய், ஜிவா பிரிவில் மருந்து வாங்குகிறேன், கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு என்று சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்போது காது இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு பேர் இறங்கி நடந்தே போனார்கள். கிழவி மட்டும் மூட்டையை அணைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எப்படா திரும்ப ஓட்டுவ? இந்தத் தடியன் ஓட்டினா எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும்" என்றாள்.

முதல் வாரங்கள் கடினமாகவே போயின. டாக்டர் சொன்னபடியே வயிறு புரட்டியது, தூக்கம் துண்டுதுண்டானது. எண்ணம் இன்னும் கூர்மையாகக் குத்தியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த மாத்திரை ஒருதரம் பழகினால் விடாதாமே, ஆளையே மந்தமாக்கிவிடுமாமே என்று ரூமினியின் காதில் போட்டார்கள். "மந்தமானா வீட்டுலயாவது இருப்பாரு. நீங்க ஒண்ணும் அவருகூடச் சாக்கடையில நிக்கலியே" என்றார் ரூமினி. ஒரு மாலை தர்யோனோ மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் அதை மனைவி கையில் கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்து நடுங்கினார். ரூமினி பதில் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சோயாவில் செய்த தெம்பே பொரித்தார். நடுக்கம் தானாகவே அடங்கியது. போய்ப் பார்க்காமலே அடங்கியது. அது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

டாக்டர் ஒருமுறை அளவைக் கூட்டினார். சில நாட்களில் வயிறு பழகிக்கொண்டது. பிறகு டாக்டர் ஸ்டியரிங்கைத் திரும்பத் தந்தார்.

எந்த நாளில் சரியாயிற்று என்று தர்யோனோவால் சொல்ல முடியாது. ஒருநாள் வொனோசோபோ பஸ் நிலையத்தில் ஒரு கிண்ணம் மீ ஓங்லோக் நூடுல்ஸ் வாங்கி, அந்தக் கெட்டியான குழம்பை வழித்துச் சாப்பிட்டு முடித்தபோது ஒன்று உறைத்தது. மேலேயிருந்து இறங்கி வந்தபோது தூங்கும் போலீஸ் எதையும் அவர் கவனிக்கவே இல்லை. பனி இருந்ததா? இருந்தது. எண்ணம் வந்ததா? காருங் பக்கத்தில் வந்த மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் தெரியாத ஆள் ஒருவர் ஏறி, இரண்டு ஊர் தள்ளி இறங்கிப்போகிற மாதிரி வந்தது, போய்விட்டது. அவர் இன்னொரு கிண்ணம் வாங்கினார். பல மாதங்களாகச் சோற்றுக்கு ருசி உண்டு என்பதையே அவர் மறந்திருந்தார்.

கிழங்கு மூட்டைப் பெண்கள் மெல்லத் திரும்பினார்கள். எல்லோரும் இல்லை. சிலர் இன்றைக்கும் அந்தப் பஸ் வந்தால் அடுத்ததுக்கு நிற்பார்கள். தர்யோனோ அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

நோன்புப் பெருநாள் முடிந்த சமயம் அது நடந்தது. நல்ல வெயில். பனியும் இல்லை, மழையும் இல்லை. கெஜஜாருக்குக் கீழே, வேலிக்குள்ளிருந்து ஓர் ஆடு துள்ளிக்கொண்டு நேராகப் பஸ் முன்னால் வந்து விழுந்தது. தர்யோனோ பிரேக்கை மிதித்தார். மோதிய சத்தம் கேட்டது.

"கங்!" துகிமான் படியிலிருந்து குதித்தார். "இடிச்சுட்டோம் கங்! நெஜமாவே இடிச்சுட்டோம்!" அந்த மனிதரின் குரலில் இருந்தது துக்கமா சந்தோஷமா என்று சொல்வது கஷ்டம்.

தர்யோனோ இறங்கினார். ஆடு கத்திக்கொண்டு கிடந்தது, முன்னங்கால் மடிந்திருந்தது. அவர் சாரத்தைக் கழற்றி அதைச் சுற்றித் தூக்கினார். ஆட்டுக்காரி ஓடி வந்து ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். தப்பு என்மேல்தான், ஆட்டுக்குப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுகிறேன் என்றார். ஆட்டையும் அவளையும் பஸ்ஸிலேயே ஏற்றி, கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட வைத்து, வீடுவரை கொண்டுபோய் விட்டார். நடந்தது என்னவென்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. யாரையும் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது ரூமினியிடம் சொன்னார்: "நாளைக்கு ஒரு தடவை போய் அந்த ஆட்டப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். அது நோயா, மரியாதையா?"

ரூமினி யோசித்தார். "ஒரு தடவைன்னா மரியாதை. ரெண்டாவது தடவை கெளம்பினீங்கன்னா டாக்டருக்குப் போன் போட்டுடுவேன்."

மறுநாள் ஒரு கட்டுப் புல்லோடு போனார். ஆடு மூன்று காலில் நின்று அவரை முறைத்தது. ஆட்டுக்காரி காப்பி கொடுத்தாள், கூடவே மிச்சமிருந்த திட்டையும் கொடுத்தாள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பின் போகவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆட்டுக் கதையைக் கேட்டு டாக்டர் லக்சிதா வாய்விட்டுச் சிரித்தார். மருந்தை இப்போதைக்கு நிறுத்தவேண்டாம், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம், திரும்ப வந்தாலும் வரலாம், வந்தால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியும் என்றார். தர்யோனோ சரி என்றார். வராண்டாவில் டயர் கடைக்காரர் இருந்தார். இந்த முறை போர்வை இல்லை. இருவரும் டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தர்யோனோ அஸருக்கெல்லாம் வீட்டில் இருக்கிறார். வந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோழிக்கூட்டைச் சரிசெய்கிறேன் என்று இருந்த கதவையும் பிய்த்துவிட்டார். அடுக்களையில் வந்து நின்று, குழம்பில் உப்பு போதுமா என்கிறார். தெம்பேயை இன்னும் மெல்லிசாக நறுக்கலாமே என்கிறார்.

"கங், கொஞ்சம் வெளிய எங்கயாச்சும் போயிட்டுத்தான் வாங்களேன்" என்கிறார் ரூமினி.

அவரும் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு துகிமான் வீட்டுக்குப் போய் டொமினோ ஆடுகிறார். தினமும் தோற்கிறார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் எழுந்து மசூதிக்குப் போய், ஒரே தடவை கால் கழுவிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே போகிறார்.